வலி இல்லைதானே, பிறகு எதற்குக் கிளினிக்?

உப்புவெளியில் இருக்கும் என் மாமிக்கு வலது தோள்மூட்டை மாற்றி எட்டு வருடமாகிறது. ஒப்பரேசன் கொழும்பில் நடந்தது. முதல் வருடம் சொன்ன திகதிக்கெல்லாம் போய் வந்தார். அப்புறம் நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டால், "வலியே இல்லைத் தம்பி, பிறகு எதுக்கு இரவிரவா பஸ்ஸில போய் வரிசையில இருக்கிறது?" என்பார். திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். எழுபது வயதில் அந்தப் பயணம் லேசானது இல்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் தோளிலும் முழங்கையிலும் வைக்கும் மாற்று மூட்டைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சில் நியாயமும் பிழையும் கலந்தே கிடக்கின்றன. வலி இல்லாவிட்டால் மூட்டு நன்றாக இருக்கிறது என்பார் ஒருவர். மாற்று மூட்டு பத்து வருசம்தான் ஓடும், பிறகு கழற்றிப் பூட்டவேணும் என்பார் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த இன்னொருவர். எக்ஸ்றே திரும்பத் திரும்ப எடுப்பது வெறும் பழக்கம் என்பார் மூன்றாமவர். மூன்றையும் நம்பி மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியன், வைத்தியன் இல்லை. உங்கள் உடம்பைப் பற்றி உங்கள் வைத்தியர் சொல்வதுதான் முதலில். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதை விளங்கிக்கொள்ள இந்தக் கட்டுரை உதவினால் போதும்.

தேசிக்காயும் சோடா மூடியும்

தோள்மூட்டைப் பற்றிச் சொல்லும்போது பந்தும் கிண்ணமும் என்பார்கள். இடுப்புக்கு அது பொருந்தும். அங்கே பந்து கிண்ணத்துக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். தோளில் கிண்ணம் என்று சொல்லவே தயக்கமாக இருக்கும், அவ்வளவு ஆழம் குறைவு. ஒரு தேசிக்காயை எடுத்துச் சோடா மூடியின் மேல் வைத்துப் பாருங்கள். தோளின் அமைப்பு கிட்டத்தட்ட அதுதான். தேசிக்காய் என்பது மேற்கை எலும்பின் உருண்டைத் தலை. சோடா மூடி என்பது தோள்பட்டை எலும்பில் இருக்கும் சிறு குழிவு.

இவ்வளவு ஆழமில்லாத குழிவு என்பதால்தான் கையை மேலே, பின்னே, குறுக்கே என எல்லாப் பக்கமும் கொண்டுபோக முடிகிறது. முதுகு சொறிய, தலை வாரிக் கொண்டை போட, கடலில் வலை வீச, எல்லாவற்றுக்கும் இந்தச் சுதந்திரம் வேண்டும். ஆனால் தேசிக்காய் உருண்டு விழாமல் யாராவது பிடித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். அந்த வேலையை நான்கு தசைகள் செய்கின்றன. அவற்றின் நாண்கள் எலும்பின் தலையைச் சுற்றிக் கை விரல்களைப் போலப் பற்றியிருக்கும். இவற்றைச் சேர்த்துச் 'சுழல் தசைக்கட்டு' என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். இந்தப் பெயரை மறக்கவேண்டாம், பின்னால் மூன்று நான்கு இடங்களில் வரும்.

முழங்கை: பிணைச்சலும் துலாவும்

முழங்கை வேறு மாதிரி. அது கதவுப் பிணைச்சல் போல மடங்கி விரிகிறது. அதோடு, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பும் வேலையில் பாதியும் அங்கேதான் நடக்கிறது.

காலைப் போலக் கை உடம்பைச் சுமப்பதில்லை, அதனால் முழங்கைக்குப் பாரம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். துலாவை நினைத்துப் பாருங்கள். அச்சுக்கு மிகக் கிட்ட நின்று துலாவை இழுக்கிறவர் எவ்வளவு பலம் போடவேண்டும்! முழங்கையை மடக்கும் தசை மூட்டிலிருந்து நாலைந்து சென்ரிமீற்றரில்தான் பிடித்திருக்கிறது. கையில் இருக்கும் வாளியோ முப்பது சென்ரிமீற்றருக்கும் அப்பால். அதனால் கையில் 1 கிலோ இருந்தால் தசை அதைப்போல ஏழெட்டு மடங்கு இழுக்கவேண்டி வருகிறது. அந்த இழுவையின் பெரும்பகுதி மூட்டின் மேலேயே இறங்குகிறது. கிணற்றில் அள்ளிய 10 லீற்றர் வாளியைக் கையை மடக்கித் தூக்கும்போது உள்ளே என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, தோளுக்குப் பிரச்சினை நழுவல், முழங்கைக்குப் பிரச்சினை நெம்பல். மாற்று மூட்டு வைத்த பிறகும் இந்த இரண்டு குணங்களும் மாறுவதில்லை.

உள்ளே வைப்பது என்ன?

குருத்தெலும்பு தேய்ந்துபோனால், மூட்டுவாதம் அரித்துவிட்டால், அல்லது விழுந்து எலும்பு பொருத்த முடியாதபடி நொறுங்கினால் மூட்டை மாற்றுகிறார்கள். தோளில் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகையில் இயற்கையில் இருப்பது போலவே உலோக உருண்டை கையின் பக்கமும், பிளாஸ்டிக் கிண்ணம் தோள்பட்டையின் பக்கமும் வரும். சுழல் தசைக்கட்டு நல்ல நிலையில் இருந்தால்தான் இது சரிவரும், ஏனென்றால் தேசிக்காயைப் பிடித்து வைப்பது இன்னும் அந்தத் தசைகள்தான்.

இரண்டாவது வகையைத் 'தலைகீழ் மூட்டு' என்பார்கள். இதில் உருண்டை தோள்பட்டைக்கும் கிண்ணம் கைக்கும் போய்விடும். பிரான்சைச் சேர்ந்த போல் கிராமோன் என்ற அறுவை வைத்தியர் 1985இல் இதன் இன்றைய வடிவத்தைக் கொண்டுவந்தார். சுழற்சியின் மையம் உள்ளேயும் கீழேயும் நகர்வதால், தோளின் மேல் தொப்பி போல மூடியிருக்கும் பெரிய தசை ஒன்றே கையைத் தூக்கப் போதுமாகிறது. சுழல் தசைக்கட்டு கிழிந்து, கையைத் தோள் மட்டத்துக்குக்கூட உயர்த்த முடியாமல் இருந்த முதியவர்களுக்கு இது பெரிய மாற்றம். எனக்கு இந்த யோசனை எப்போது நினைத்தாலும் வியப்புத்தான். கிழிந்ததைத் தைக்க முடியாதபோது அது தேவையே இல்லாத ஒரு மூட்டை வரைந்து பார்த்திருக்கிறார் அந்த மனிதர்.

முழங்கையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மேல் துண்டும் கீழ்த் துண்டும் ஓர் ஊசியால் பிணைச்சல் மாதிரிக் கோர்க்கப்பட்டிருக்கும், நடுவே பிளாஸ்டிக் புஷ் இருக்கும். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு புஷ் என்றால் என்ன, அது தேய்ந்தால் என்ன சத்தம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. மற்ற வகையில் கோர்வை இல்லை, எலும்பை எலும்போடு கட்டியிருக்கும் சுற்றியுள்ள நார்களை நம்பித்தான் அது நிற்கிறது.

இந்தப் பிளாஸ்டிக் எதுவென்றால் பொலிஎதிலீன். கடையில் பை செய்யும் பொலித்தீனின் குடும்பம்தான், ஆனால் மூலக்கூற்றுச் சங்கிலிகள் மிக மிக நீளமானவை, அதனால் தேய்வது மெதுவாக. உலோகத் துண்டுகளின் தண்டை எலும்பின் நடுக்குழாய்க்குள் இறக்குவார்கள். சிலவற்றைச் சிமெந்து வைத்து இறுக்குவார்கள், சிலவற்றின் சொரசொரப்பான மேற்பரப்பில் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

காலம் போகப்போக என்ன நடக்கிறது?

தோளில் முதன்முதலாக மாற்று மூட்டு வைத்தவராகக் கருதப்படுபவர் பாரிஸ் நகரத்தின் ஜூல்ஸ் எமில் பெயான். வருடம் 1893. தோளில் காசநோய் பிடித்த ஒரு பாண் போறணைத் தொழிலாளிக்கு பிளாட்டினமும் இறப்பரும் கொண்டு செய்த மூட்டை வைத்தார். கை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கிருமித் தொற்று அடங்காததால் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் அதைக் கழற்றவேண்டி வந்தது. இது நமக்கு இன்று தெரிவதற்குக் காரணம், ஒப்பரேசன் முடிந்ததோடு விட்டுவிடாமல் அந்த மனிதருக்குப் பிறகு என்ன ஆனது என்று யாரோ பார்த்து எழுதி வைத்ததுதான். மூட்டு வைத்த முதல் வருடம் வைத்தியருடைய திறமையைக் காட்டும். அந்த மூட்டு எப்படிப்பட்டது என்பதைக் காட்ட வருடங்கள் வேண்டும்.

இனி உள்ளே நடப்பதற்கு வருவோம். மணலில் நட்ட வேலித்தூண் ஒன்றை நினையுங்கள். தூணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் நாள்தோறும் யாராவது மேல்முனையைப் பிடித்து ஆட்டினால் அடியில் குழி பெருக்கும். மாற்று மூட்டிலும் அநேகமாக உலோகம் உடைவதில்லை, பிடித்திருக்கும் இடம்தான் விடுகிறது. இதற்குத் 'தளர்வு' என்று பெயர்.

தளர்வுக்கு ஆட்டம் மட்டும் காரணமில்லை. உலோகம் பிளாஸ்டிக்கில் உராயும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் உதிர்கிறது. உடம்பில் அந்நியப் பொருளை விழுங்கும் தின்குழியங்கள் அந்தத் தூளையும் விழுங்குகின்றன. கிருமியை விழுங்கினால் செரித்துவிடும். பிளாஸ்டிக்கைச் செரிக்க அவற்றால் முடியாது. முடியாத கலங்கள் இரசாயனச் சைகைகளை வெளிவிட்டு உதவி கேட்கின்றன. அந்தச் சைகை எலும்பைக் கரைக்கும் கலங்களையும் எழுப்பிவிடுகிறது. அதனால் மூட்டைச் சுற்றியுள்ள நல்ல எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இதை 'எலும்புக் கரைவு' என்பார்கள்.

இதில் முக்கியமான இடம், இது நடக்கும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சிதான். ஜன்னல் கிறில் பெயின்டோடு பளபளவென்று நிற்கும். ஒருநாள் விரலால் தட்டினால் உள்ளே துரு தின்று கோதாகிப் போயிருக்கும். மாமியின் "வலியே இல்லை" என்பது பெயின்டைப் பார்த்துச் சொல்வது. வலி வரும்போது மூட்டு ஏற்கெனவே நன்றாக ஆடத் தொடங்கியிருக்கலாம். அப்போது திருத்தப் போனால் புதிய மூட்டைப் பிடித்து வைக்க எலும்பு போதாமல் இருக்கும். எலும்பு இருக்கும்போதே கண்டால் வைத்தியருக்கு வழிகள் கூடுதல்.

தோளின் இயற்கை வகை மூட்டில் இன்னொன்றும் நடக்கும். வயது போகப்போகச் சுழல் தசைக்கட்டு மெலிந்து கிழியலாம். பிடி விட்டால் உருண்டை மேல்நோக்கி நகர்ந்து கிண்ணத்தின் மேல் ஓரத்தை அழுத்தும். மேசையில் கிடக்கும் சோடா மூடியின் ஒரு விளிம்பை விரலால் அழுத்துங்கள், மறுவிளிம்பு எழும்பும். ஒவ்வொரு முறை கையைத் தூக்கும்போதும் இப்படி எழும்பி எழும்பிக் கிண்ணம் தளர்கிறது. இந்த வகை மூட்டு நெடுங்காலத்தில் பழுதாகும்போது பெரும்பாலும் முதலில் விடுவது அந்தக் கிண்ணம்தான்.

தலைகீழ் மூட்டுக்கு வேறு தொல்லைகள். சிலருக்கு மூட்டு கழன்றுவிடும். சிலருக்குத் தோளின் உச்சியில் இருக்கும் எலும்பில் மயிரிழை வெடிப்பு வரும், ஏனென்றால் அந்தத் தொப்பித் தசை முன்னரைவிடக் கூடுதலாக அங்கே இழுக்கிறது. முழங்கையில் புஷ் தேயும், தண்டு தளரும், கையை நீட்டும் தசையின் நாண் பலமிழக்கும். முழங்கையை இடித்தால் 'சுர்' என்று மின்சாரம் போல ஓடுமே, அந்த நரம்பு மூட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் சின்ன விரலும் மோதிர விரலும் விறைக்கலாம். முழங்கையின் மேல் தோலும் மெல்லியது, கீழே சதை கிடையாது, அதனால் தொற்றும் எளிது. மொத்தத்தில், இடுப்பு, முழங்கால், தோள் மூட்டுகளைவிட முழங்கை மாற்று மூட்டில் சிக்கல்கள் கூடுதல் என்பது எல்லா நாட்டு வைத்தியர்களும் ஒத்துக்கொள்வது.

தொற்றைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். தொற்று என்றால் காய்ச்சல், சீழ், சிவப்பு என்றுதான் நமக்குத் தெரியும். தோளில் அப்படி இல்லாமலும் வரும். தோள்ப் பக்கத்துத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் இயல்பாகவே வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற ஒரு கிருமி இருக்கிறது. முகப்பருவோடு தொடர்புடையதும் இதுதான். இது வளர்வது மிக மெதுவாக. ஆய்வுகூடத்தில் மாதிரியை இரண்டு வாரம் வரை வைத்திருந்து பார்த்தால்தான் சில வேளை பிடிபடும். ஒப்பரேசன் முடிந்து மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட, காய்ச்சலே இல்லாமல் தோள் இறுகுவதாகவும் மந்தமாக நோவதாகவும் மட்டும் அது தன்னைக் காட்டலாம். "குளிர் காத்துப் பட்டிருக்கும்" என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிட்டால் வருடம் ஓடிவிடும்.

இவ்வளவையும் சுருக்கினால்: தூள் எலும்பைக் கரைக்கலாம், தசை பிடி விடலாம், புஷ் தேயலாம், கிருமி மெல்லப் புகலாம். நான்குமே தொடக்கத்தில் சத்தம் போடாதவை.

கிளினிக்கில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

திகதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். பொதுவாக முதல் இரண்டு வாரத்தில் காயத்தைப் பார்ப்பார்கள், ஆறு வாரத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில், பிறகு ஒரு வருடத்தில். அதன்பின் ஒன்றோ சில வருடங்களோ இடைவெளி விட்டு நெடுங்காலம் தொடரும். முதல் வருடத்துப் பார்வைகள் ஆறுவதைப் பற்றியவை. பிந்தியவைதான் நம் ஆட்கள் விட்டுவிடுபவை. துரு தேடுவது அவற்றில்தான்.

மூன்று காரியங்கள் நடக்கும். முதலாவது கேள்விகள். தலை வார முடிகிறதா, சட்டை போட முடிகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா என்று கேட்பார்கள். சும்மா சுகம் விசாரிப்பது போலத் தோன்றும், ஆனால் இதற்கென்றே செய்த கேள்விக்கொத்துகள் உண்டு. ஒக்ஸ்போர்ட் தோள் மதிப்பெண் என்பதில் 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 48. முழங்கைக்கும் அதேபோல 12 கேள்விகள் கொண்ட ஒன்று இருக்கிறது. இரண்டாவது, கை எவ்வளவு உயருகிறது, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு பலம் என்று அளப்பது. மூன்றாவது எக்ஸ்றே.

ஏன் அதே கேள்வி, அதே கோணத்தில் அதே படம், திரும்பத் திரும்ப? குழந்தை பிறந்ததும் தரும் சுகாதாரப் புத்தகத்தில் நிறைக் கோடு இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையின் இன்றைய நிறையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லமாட்டார். போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு ஏறுகிறதா, படுக்கிறதா என்றுதான் பார்ப்பார். மாற்று மூட்டும் அப்படித்தான். எக்ஸ்றேயில் உலோகத்தைச் சுற்றி அல்லது சிமெந்துக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரியலாம். ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் வருடக்கணக்காக அப்படியே இருக்கும் கோடு பலருக்கு உண்டு, அதனால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அதே கோடு போன தடவை இல்லாமல் இப்போது வந்திருந்தால், அல்லது அகன்றிருந்தால், அது வேறு செய்தி. ஒற்றைப் படம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

இந்தக் காரணத்தால்தான் ஒப்பரேசன் முடிந்தவுடன் எடுத்த முதல் படத்துக்கு இவ்வளவு மதிப்பு. அதை 'அடிப்படைப் படம்' என்று சொல்லலாம். பிறகு வரும் ஒவ்வொன்றும் அதோடு ஒப்பிடப்படும்.

"பத்து வருசம் தாங்கும்" என்றால்

பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தோள் மாற்று மூட்டுகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது 10 வருடம் கழிந்தும் மாற்றப்படாமல் இருந்தன. இந்தச் செய்திதான் ஊருக்கு வந்து சேரும்போது "பத்து வருசத்தில கழற்றவேணும்" என்று திரிகிறது. இரண்டும் எதிரெதிர்ச் செய்திகள்.

கொட்பே கரையில் ஒரே வருடத்தில் நூறு பைபர் போட் வாங்கினார்கள் என்று வைப்போம். பத்து வருடத்தில் தொண்ணூறு பேர் இன்னும் அதே இஞ்சினோடு தொழிலுக்குப் போகிறார்கள். அதற்கு, பத்தாவது வருடம் முடிந்ததும் இஞ்சின் நின்றுவிடும் என்று அர்த்தமா? பெரும்பாலானவை அதற்குப் பிறகும் ஓடும். சில மூன்றாவது வருடத்திலேயே பழுதாகியிருக்கும். நூறு பேரைப் பற்றிய கணக்கு உங்கள் போட்டைப் பற்றி உறுதி சொல்லாது. அதற்கு உங்கள் இஞ்சினைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

இந்தக் கணக்குக்கு 'நீடிப்பு வீதம்' என்று பெயர். பழுது என்று அதில் எண்ணப்படுவது அநேகமாக ஒன்றே ஒன்று: வைத்த மூட்டைத் திரும்ப மாற்றுவது. இதை 'மறுசத்திரசிகிச்சை' என்பார்கள். இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். எண்பத்திரண்டு வயது அப்பாச்சி ஒருவருக்கு மூட்டு தளர்ந்து, கையைத் தூக்க முடியாமல், இரவில் தூக்கமில்லாமல் இருக்கிறது. இன்னொரு ஒப்பரேசன் வேண்டாம், இருக்கிற காலத்தை இப்படியே கழிப்பேன் என்கிறார். கணக்கில் அவருடைய மூட்டு 'நீடித்திருக்கிறது'. அவருடைய வலி அந்த வீதத்தில் எங்கேயும் இல்லை. அதனால்தான் கேள்விக்கொத்துகள் வந்தன. மூட்டு உள்ளே இருக்கிறதா என்பதோடு அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்பதும் எழுதப்படவேண்டும். வீதத்தை மட்டும் தூக்கிப் பிடிக்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாதிரி அப்பாச்சிகளின் நினைவுதான் வருகிறது.

சரி, இதுவரை சொன்னதில் மனதில் வைக்கவேண்டியது இது: பத்து வருடம் என்பது காலாவதித் திகதி இல்லை. மாற்றப்படாத மூட்டு எல்லாம் நல்ல மூட்டும் இல்லை.

வராதவர்களின் கணக்கு

பத்து வருடப் பார்வைக்கு நூறு பேரைக் கூப்பிட்டால் நூறு பேரும் வரமாட்டார்கள். சிலர் காலமாகியிருப்பார்கள், சிலர் இடம் மாறியிருப்பார்கள். நம் மாவட்டத்தில் இடம் மாறுவதென்பது பலருக்கு விருப்பத்தில் நடந்ததும் இல்லை. போர் எத்தனை தடவை ஊர்களைக் கிளப்பியது, 2004 டிசம்பர் 26இல் கடல் எத்தனை வீட்டு ஆவணங்களைக் கொண்டுபோனது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆராய்ச்சியாளருக்கு இதில் ஒரு சங்கடம். வராதவர் சுகமாக இருப்பதால் வரவில்லையா, நோவு கூடி, அதிருப்தியில் வேறு வைத்தியரிடம் போய்விட்டாரா? இரண்டுமே நடக்கும். வந்தவர்களை மட்டும் வைத்து "எல்லாரும் நலம்" என்று எழுதினால் அது பிழையாகலாம். ஒவ்வொருவரையும் கடைசியாகப் பார்த்த நாள் வரைக்கும் கணக்கில் வைத்து, அதன்பின் எடுத்துவிட்டு, காலத்துண்டு காலத்துண்டாகப் பெருக்கிப் போகும் முறை ஒன்று இருக்கிறது. கப்லான், மேயர் என்ற இருவர் 1958இல் வெளியிட்டது. நல்ல முறை, ஆனால் காணாமல் போனவர்களும் வந்தவர்களைப் போலவே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் அது நிற்கிறது. காணாமல் போனவர்கள் கூடக்கூட அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

இதைச் சமாளிக்க நாடுகள் 'மூட்டுப் பதிவேடு' வைக்கின்றன. யாருக்கு, எந்த மூட்டில், எந்த வகை வைக்கப்பட்டது, பிறகு அது மாற்றப்பட்டதா என்று நாடு முழுவதற்கும் ஒரே ஏடு. சுவீடன் 1975இல் முழங்காலுக்கும் 1979இல் இடுப்புக்கும் தொடங்கியது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2003இல் இடுப்பு, முழங்காலோடு ஆரம்பித்து, தோளையும் முழங்கையையும் 2012இல்தான் சேர்த்தன. அங்கே வருடத்துக்கு ஓர் இலட்சத்தைத் தொடும் இடுப்பு மாற்றுகளோடு ஒப்பிட்டால் முழங்கை மாற்று சில நூறுதான். இவ்வளவு சிறிய கூட்டத்தில் பத்துப் பேர் காணாமல் போனாலும் படம் மங்கிவிடும்.

பதிவேடு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். உலோகம் உலோகத்தோடு உராயும் ஒரு வகை இடுப்பு மூட்டு உலகெங்கும் பல்லாயிரம் பேருக்கு வைக்கப்பட்டது. தொடக்கத்தில் நன்றாகவே இருந்தது. அது மற்றவற்றைவிட விரைவில் மாற்றப்படுகிறது என்பதை அவுஸ்திரேலியப் பதிவேடும் பிரித்தானியப் பதிவேடும் காட்டின. 2010இல் உற்பத்தியாளரே அதைத் திரும்பப் பெற்றார். ஒரு வைத்தியர் தன் கையில் வரும் இருபது முப்பது நோயாளரை வைத்து இதைக் கண்டிருக்க முடியாது. கிளினிக்குக்கு வந்து பதில் சொன்ன ஒவ்வொருவரும் பின்னால் வரும் யாரோ ஒருவரின் மூட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் செய்யக்கூடியது

நம் நாட்டில் நோயாளியின் பதிவு பெரும்பாலும் நோயாளியின் பையில்தான் இருக்கிறது. அதில் தீமையும் உண்டு, நன்மையும் உண்டு. வைத்தியசாலையை விட்டு வரும்போது தரும் டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, முதல் எக்ஸ்றே மூன்றையும் காணி உறுதி வைக்கும் இடத்தில் வையுங்கள். மூட்டுப் பெட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கரில் மூட்டின் பெயர், அளவு, தொகுதி எண் இருக்கும். அதன் பிரதி கிடைக்குமா என்று கேளுங்கள். பிற்காலத்தில் யாராவது அந்த மூட்டைத் திறக்கவேண்டி வந்தால், உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரிவது வைத்தியருக்குப் பெரிய உதவி, ஏனென்றால் ஒன்றின் துண்டு மற்றதற்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து இரண்டு பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள். கடல் வந்தாலும் படம் மிஞ்சும்.

கனடாவிலோ இலண்டனிலோ ஒப்பரேசன் செய்துவிட்டு இங்கே வந்து தங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே பேச்சுத்தான். புறப்படும் முன் படங்களையும் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒப்பரேசன் செய்த இடத்துக்கே ஓடவேண்டுமா என்று மாமி கேட்டார். படமும் அளவும் இங்கேயே எடுத்து அனுப்ப முடியுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முழங்கை மாற்றியவர்களுக்குப் பாரம் தூக்குவதில் ஆயுள் முழுக்கக் கட்டுப்பாடு உண்டு. பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 5 கிலோவுக்கு மேல் வேண்டாம், திரும்பத் திரும்பத் தூக்குவதென்றால் 1 அல்லது 2 கிலோ. உங்களுக்குச் சொன்ன எண் வேறாக இருந்தால் அதையே பிடியுங்கள். மேலே சொன்ன துலாக் கணக்குத்தான் காரணம். கை நன்றாக இருக்கிறதே என்று பேரப்பிள்ளையை அந்தக் கையால் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசை விளங்குகிறது. உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற்றச் சொல்லுங்கள்.

சில அறிகுறிகளுக்குத் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. நெடுநாள் வலியில்லாமல் இருந்த மூட்டில் புதிதாக வலி, முன்னர் இல்லாத 'கிளிக்' சத்தம் அல்லது ஆட்டம், தூக்க முடிந்த கை திடீரென்று தூக்க முடியாமல் போவது, விரல் விறைப்பு, விழுந்த பிறகு நோவு, தழும்பில் சிவப்போ கசிவோ. கசிவு வந்தால் அன்றைக்கே போகவேண்டும். வீட்டில் மீதியிருக்கும் அன்டிபயோட்டிக்கைப் போட்டுக்கொண்டு போகவேண்டாம், கிருமியைப் பிடிப்பது அதனால் கடினமாகிவிடும். பல் பிடுங்கவோ வேறு ஒப்பரேசனுக்கோ போனால், உள்ளே மாற்று மூட்டு இருக்கிறது என்பதை முதலே சொல்லிவிடுங்கள்.

தம்பலகாமத்தில் கிடந்த படம்

போன மாசியில் மாமியைச் சம்மதிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். புதிய எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்த வைத்தியர் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோட்டைக் காட்டினார். "பழைய படம் இருக்கா அம்மா? இது முதலே இருந்ததா, இப்ப வந்ததா எண்டு இதை மட்டும் வைச்சுச் சொல்ல ஏலாது" என்றார். மாமியிடம் படம் இல்லை. வீடு திருத்தியபோது எங்கோ போய்விட்டது என்றார். வரும் வழி முழுக்க அவர் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து, தம்பலகாமத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டு அலுமாரியின் பின்னால் பழைய கலண்டர்களோடு அந்த மஞ்சள் உறை கிடைத்தது. ஒப்பரேசன் முடிந்த நாலாம் நாள் எடுத்த படம். கொண்டுபோய்க் கொடுத்தோம். வைத்தியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவுகோலால் அளந்தார். அதே இடம், அதே தடிப்பு. எட்டு வருடமாக அசையாத கோடு.

"இரண்டு வருசத்தால வாங்கோ, இந்த ரெண்டு படத்தையும் கொண்டு வாங்கோ" என்றார். மாமி இப்போது அந்த உறையைச் சாமி அறையில் வைத்திருக்கிறார். மேலே திகதியை அவரே பேனையால் எழுதியிருக்கிறார்.